கடைசிப் பறவையின் தேதி

பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டை ஒட்டிய கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் பர்சானாவுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் உண்டு. இல்லாததையும் எழுதி வைப்பாள்.

பறவை பார்க்கிறவர்கள் பொதுவாக வரவைத்தான் கொண்டாடுவார்கள். ஐப்பசி கார்த்திகையில் முதல் பறவை வந்து இறங்கினால் போதும், போட்டோ என்ன, ஸ்டேட்டஸ் என்ன, மாப்பிள்ளை அழைப்பு தோற்றுவிடும். அதே பறவை பங்குனியில் கிளம்பிப் போவதை ஒருவரும் சீண்ட மாட்டார்கள். வெயில் ஏறிவிடும், அவரவர் ஃபேனுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். பர்சானாவுக்கோ போக்குதான் முக்கியம். எந்தத் தேதியில் கடைசிப் பறவை போயிற்று என்று தெரிந்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

ஆனால் கடைசி என்பது அன்றைக்கே தெரிகிற சங்கதியா? இன்று ஒன்று பறந்தது, நாளை இன்னொன்று வராது என்று யார் கண்டது? அதனால் அவள் அதற்குப் பிறகும் பத்து நாள் அதே இடத்துக்கு, அதே நேரத்துக்குப் போய் நிற்பாள். வானத்தைப் பார்ப்பாள். ஒன்றும் வராது. நோட்டை எடுத்துத் தேதி போட்டு, எதிரே 'இல்லை' என்று எழுதுவாள். இப்படிப் பத்து 'இல்லை' விழுந்த பிறகுதான் பக்கத்தை மேலே திருப்பி, முன்பு பார்த்த பறவைக்குப் பக்கத்தில் 'இதுவே கடைசி' என்று பென்சிலில் குறிப்பாள்.

"வராத குருவியப் பாக்க பெட்ரோல் போட்டுக்கிட்டுப் போற ஒரே ஆளு நீதான்டி" என்று அவள் மாமியார் பாத்திமா பீவி தலையில் அடித்துக்கொள்வார். குவைத்தில் இருக்கும் கணவன் அல்தாப் ஒருமுறை ஊருக்கு வருமுன், என்ன வேண்டும் என்று போனில் கேட்டான். அவர்கள் ஊரான லப்பைக்குடிக்காட்டில் அந்தக் கேள்விக்குப் பெண்கள் சொல்லும் பதில் பவுன் கணக்கில் இருக்கும். இவள் பைனாகுலர் கேட்டாள். அவன் அதை வாங்கி வந்ததே பெரிய விஷயம்.

அந்தப் பைனாகுலர்தான் ஆனி ரோஸைக் கொண்டுவந்து சேர்த்தது. ஒன்பது வருடத்துக்கு முன்னால் மூக்குக் கண்ணாடிக்கு ஃப்ரேம் மாற்றக் கடைக்கு வந்தவள், ஷோகேஸில் இருந்த ஃப்ரேம்களை விட்டுவிட்டு, பர்சானாவின் சாப்பாட்டுப் பைக்கு மேலே கிடந்த பைனாகுலரையே பார்த்தாள். "இது விலைக்கா, சொந்தமா?" என்றாள். சொந்தம் என்று தெரிந்ததும் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. கடை முதலாளி மூன்று முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆனி ரோஸுக்கு வரதராஜன்பேட்டை. விலங்கியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். வாங்கி என்ன? ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர், அதாவது கௌரவம் மட்டும் கொடுத்து வேலை வாங்கப்படுகிறவள். வருடா வருடம் ஜூன் வந்தால், இந்த வருடமும் கூப்பிடுவார்களா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு இருப்பாள். பர்சானாவைவிட இரண்டு வயது மூத்தவள் என்பதால் 'அக்கா'. பறவையின் பெயரும் ஊரும் வழித்தடமும் அக்காவுக்குத் தெரியும். பறவை எங்கே இருக்கிறது என்பது பர்சானாவின் கண்ணுக்குத் தெரியும். ஒருத்தி சொல்ல, ஒருத்தி காட்ட, ஒரே ஸ்கூட்டியில் திருமானூர் வரைக்கும் சுற்றினார்கள். கொள்ளிடக் கரையில் நின்றுகொண்டே இட்லிப் பொட்டலம் பிரித்தார்கள். ரமலான் மாதம் என்றால் ஆனியும் சாயங்காலம் வரை தண்ணீர் பாட்டிலைத் திறக்க மாட்டாள். "நீ வாய் காஞ்சு நிக்கிறப்ப எனக்கு எப்புடிடி எறங்கும்?" என்பாள். கூடப் பிறந்தவள்கூட அப்படி இருக்க மாட்டாள்.

ஆனைக்கரம்பைக் கண்டுபிடித்தது பர்சானா.

குன்னத்திலிருந்து லப்பைக்குடிக்காட்டுக்குப் போகும் வழியில், உள்ளே இரண்டு கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கும் மேய்ச்சல் புறம்போக்கு அது. நூற்றைம்பது ஏக்கருக்கு இடுப்பளவு புல். ஒரு தை மாதம், பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவள், தூரத்தில் பெரிய பறவைகள் ஒவ்வொன்றாகத் தாழப் பறந்து வந்து புல்லுக்குள் இறங்குவதைப் பார்த்தாள். இறங்கியது எதுவும் திரும்ப எழவில்லை. மறுநாள் ஆனியைக் கூட்டிக்கொண்டு போனாள். ஆனி பைனாகுலரைக் கண்ணில் வைத்தவள், ஐந்து நிமிடம் இறக்கவே இல்லை. பிறகு பர்சானாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"பூனைப்பருந்துடி! கஜகஸ்தான் புல்வெளியிலேருந்து வருது. பகல்ல எல்லாம் மக்காச்சோளக் காட்லயும் வெங்காயக் காட்லயும் பிரிஞ்சு போயி வெட்டுக்கிளி புடிக்கும். ராத்திரிக்கு ஒரே எடத்துல கூடித் தரையில படுக்கும். இவ்ளோ பெரிய கூட்டம் நம்ம ஜில்லாவுல யாரும் பாத்ததில்ல. நாமதான் மொதல்ல!"

ஆணுக்குச் சாம்பல் நிறம், இறக்கை நுனி மட்டும் மையில் தோய்த்த மாதிரி கறுப்பு. பெண்ணுக்குப் பழுப்பு, வாலடியில் வெள்ளைப் பட்டை. அன்று எண்பத்து மூன்று வரை எண்ணினார்கள். ஆனி அழுதாள். பர்சானா கேலி செய்தாள்.

ஊரில் பறவை பார்க்கிறவர்கள் எல்லாரும் பார்த்ததை ஒரு செல்போன் ஆப்பில் பதிவார்கள். எந்தப் பறவை, எத்தனை, எந்த இடம் என்று உலகமே பார்க்கலாம். அதற்கு முந்தைய வருடம் அரும்பாவூர்ப் பக்கம் ஓர் ஏரியில் வரித்தலை வாத்துகளைப் பார்த்துவிட்டு இவர்களும் ஆசையாகப் பதிந்திருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கெங்கிருந்தோ ஐந்து கார், நீளநீளக் கேமரா, தலைக்கு மேலே ஒரு ட்ரோன். வாத்துகள் அன்று போனவைதான். அந்தச் சூடு பர்சானாவுக்கு ஆறவே இல்லை.

"அக்கா, ஆனைக்கரம்ப ஆப்புல போடக் கூடாது. நம்ம ரெண்டு பேரத் தவுர யாருக்கும் தெரியக் கூடாது."

"பதிவுன்னு ஒண்ணு இல்லாட்டி நாம பாத்ததே சேத்தி இல்லடி. நாளைக்கு ஒரு கட்டுரை எழுதணும்னா…"

"அதான் என் நோட்டுல இருக்குமே. சத்தியம் பண்ணுங்க."

குன்னம் டீக்கடையில் நின்றுகொண்டிருந்தார்கள். "கையில பஜ்ஜிதான் இருக்கு, இது மேல பண்ணவா?" என்றாள் ஆனி. சிரித்துக்கொண்டே அந்த பஜ்ஜி மேல் சத்தியம் செய்துவிட்டு, அதையும் தின்றுவிட்டாள்.

அப்படியே எட்டு வருடம் போயிற்று. கார்த்திகையில் முதல் பறவை, மாசியில் பெருங்கூட்டம், பங்குனியில் ஒவ்வொன்றாகக் குறைந்து, கடைசிப் பறவை, பிறகு பத்து 'இல்லை'. எட்டு வருடமும் கடைசிப் பறவை ஏப்ரல் பதினாறைத் தாண்டியதே கிடையாது. இந்தத் தேதி உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

போன வருடம் மார்ச்சில் ஆனைக்கரம்பின் ஓரத்தில் வெள்ளையடித்த அளவுக்கல் நட்டிருந்தார்கள். புல்லுக்கு அடியில் சுண்ணாம்புக்கல் இருக்கிறதாம். ஒரு கம்பெனி வெட்டியெடுக்கக் கேட்டிருக்கிறதாம். பர்சானா அன்றே ஆனிக்குப் போன் போட்டாள். ஆனிதான் தேற்றினாள். "எடுத்த எடுப்புல தோண்டிர முடியாது. சுற்றுச்சூழல் ஆய்வு பண்ணி, ஜனங்களக் கூப்ட்டுக் கருத்துக் கேட்டு, அப்பறம்தான். வெளிநாட்டுப் பறவ வர்ற எடம்னு தெரிஞ்சா அனுமதி கெடைக்கிறது கஷ்டம். நோட்டக் குடு, நான் முழுசா ஒரு கட்டுரை தயார் பண்றேன்."

கடைசிப் பறவை அந்த வருடம் ஏப்ரல் ஒன்பதாம் தேதி போயிற்று. பத்தாவது 'இல்லை'யை எழுதி முடித்த அன்றே பர்சானா நோட்டை ஆனியின் கையில் கொடுத்தாள். ஒரு வாரத்தில், ஒரு பிளம் கேக்கோடு, நோட்டு பத்திரமாகத் திரும்பி வந்தது. பர்சானா கேக்கைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தாள், நோட்டை பீரோவில் வைத்தாள். கட்டுரை என்ன ஆயிற்று என்று இடையிடையே கேட்பாள். "எழுதிக்கிட்டே இருக்கேன்" என்ற பதில் வரும். ஆனிக்கு வேலை அதிகம் என்று இவளே சமாதானம் சொல்லிக்கொள்வாள். நம்பினவர்களுக்குச் சமாதானத்துக்கா பஞ்சம்?

கருத்துக் கேட்புக் கூட்டம் டிசம்பரில் நடப்பதாக இருந்தது. மழையால் ஒருமுறை, வேறெதற்கோ ஒருமுறை என்று தள்ளித் தள்ளி மார்ச்சுக்கு வந்தது. கூட்டத்துக்கு முந்தைய நாள் ஆனியிடமிருந்து மெசேஜ். 'சுற்றுச்சூழல் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டேன். பறவை பற்றிப் பெரிதாக ஒன்றும் இல்லை. எனக்கு காலேஜில் டூட்டி, வர முடியாது. நோன்பு வேற, நீயும் அலையாதே.'

பர்சானாவுக்கு மனசு கேட்கவில்லை. அரை நாள் லீவு கேட்டாள். முதலாளி கொடுத்துவிட்டார். நோட்டைப் பையில் போட்டுக்கொண்டு, பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சட்டைப் பையில் ஜெயிக்கிற சீட்டு இருக்கிறவளைப் போல அவ்வளவு தெம்பு.

கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தில். மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். கீழே முந்நூறு பேர். வேலை கிடைக்கும் என்று வந்தவர்கள் ஒரு பக்கம், வெடி வைத்தால் வீடு பிளக்கும் என்று வந்தவர்கள் இன்னொரு பக்கம். நுழைந்ததும் பர்சானாவின் கண்ணில் முதலில் பட்டது, முன் வரிசையில் ஊதா நிறச் சேலையில் ஆனி ரோஸ்.

டூட்டியை விட்டுவிட்டு வந்துவிட்டாளே! பர்சானாவுக்குக் கண் கலங்கியது. கையை ஆட்டினாள். ஆனி பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் அவள் உட்கார்ந்திருந்தது கம்பெனிக்காரர்களின் வரிசை என்றும், கழுத்தில் நீல நாடாவில் அடையாள அட்டை தொங்குகிறது என்றும் பர்சானாவுக்கு உறைத்தது.

ஓரத்து மேஜையில் ரிப்போர்ட் வைத்திருந்தார்கள், தலையணை கனத்துக்கு. யாரும் புரட்டாத புத்தகம். பர்சானா புரட்டினாள். தமிழ்ச் சுருக்கத்தில் பறவைகளுக்கு அரைப் பக்கம். 'ஆய்வுக் காலம்: ஏப்ரல் 20 முதல் மே 10 வரை. வலசைப் பறவைகள் எதுவும் காணப்படவில்லை. உள்ளூர்ப் பறவை ஆர்வலர் ஒருவரின் பல்லாண்டுப் பதிவுகளும் இதையே உறுதி செய்கின்றன. காண்க: இணைப்பு.' அடியில் ஆய்வாளர் கையெழுத்து. ஆனியின் அந்தக் கையெழுத்தை இருட்டில் காட்டினால்கூட அவள் கண்டுபிடிப்பாள்.

இணைப்பைத் திருப்பினாள். அவள் நோட்டின் ஜெராக்ஸ். எட்டு வருடத்து ஏப்ரல் பக்கங்கள். 'பூனைப்பருந்து' என்று எழுதிய வரிகள் எல்லாம் மேலே வெட்டுப்பட்டிருந்தன. மிச்சம் இருந்தவை வரிசை வரிசையாக அவளுடைய 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. ஒரு நாள் மழையில் நனைந்து மை கலங்கின 'இல்லை'கூட அதில் இருந்தது. அன்றைக்குக் குடை பிடித்தவள் ஆனிதான்.

என்றைக்குப் பறவை இருக்காது என்பதை, வெயிலில் நின்று, பெட்ரோல் போட்டு, எட்டு வருடம் பாடுபட்டுக் கண்டுபிடித்துத் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கழுத்தை அறுக்கிறவர்கள் கத்தியையாவது சொந்தமாகக் கொண்டுவருவார்கள்.

அவள் முறை வந்தது. மைக்கைப் பிடித்ததும் வாய் உலர்ந்துபோயிற்று. நோன்பு ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். "சார், ஆனைக்கரம்புல கார்த்திகையிலேருந்து பங்குனி வரைக்கும் நூத்துக்கு மேல பூனைப்பருந்து வந்து படுக்குது. வெளிநாட்டுப் பறவ. இந்தாங்க நோட்டு. எட்டு வருஷமா எழுதியிருக்கேன்."

கம்பெனி ஆலோசகர் எழுந்தார். நல்ல உயரம், நல்ல சிரிப்பு. "சார், இவங்க நோட்டுதான் எங்களுக்கே ஆதாரம். இணைப்புல வெச்சிருக்கோம். பறவ இல்லன்னு இவங்களே எழுதியிருக்காங்க." மண்டபத்தில் சிரிப்பு எழுந்தது.

"அது போனப்பறம் எழுதுனது சார்! மத்தப் பக்கத்தப் பாருங்க!"

மேடையில் நடுவில் இருந்த அதிகாரி நல்ல மனிதராகத்தான் தெரிந்தார். நோட்டை வாங்கிப் புரட்டினார். "நீங்க என்ன படிச்சிருக்கீங்கம்மா? எங்க வேல பாக்குறீங்க?"

"பன்னெண்டாவது சார். கண்ணாடிக் கடையில."

"இத வேற எங்கயாச்சும் பதிவு பண்ணியிருக்கீங்களா? இப்பல்லாம் ஆப்பு இருக்கே, எல்லாரும் போடுவாங்களே. எங்க ஆளுங்க தேடிப் பாத்தாங்க, அந்த எடத்துல ஒரு பதிவுகூட இல்ல."

"காப்பாத்துறதுக்காகத்தான் சார் போடல."

மறுபடியும் சிரிப்பு. "சரி, உங்களத் தவுர வேற யாராச்சும் பாத்திருக்காங்களா?"

"ஒருத்தங்க பாத்திருக்காங்க. அதோ, மொத வரிசையில உக்காந்திருக்காங்க. ஆனி ரோஸ் மேடம். எட்டு வருஷமும் என் வண்டியிலதான் வந்தாங்க. கேளுங்க சார்."

ஆனி எழுந்து நின்றாள். வகுப்பில் கேள்விக்குப் பதில் தெரியாத பெண் எழுந்து நிற்பது போல நின்றாள். "நான் ஆய்வு பண்ணுன நாள்ல வலசப் பறவ எதுவும் இல்லைங்க சார்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி ஆய்வு எதுவும் நடக்கலைங்க சார்."

ஒரு சொல்கூடப் பொய் இல்லை. பர்சானா பெஞ்சைப் பிடித்துக்கொண்டாள். விழுந்துவிடக் கூடாது என்பதற்காக அல்ல, ஓடிப்போய் அந்த நாடாவைப் பிடித்து இழுத்துவிடக் கூடாது என்பதற்காக. மூச்சு வாங்கி நிதானித்துக்கொண்டு சொன்னாள்: "சார், இன்னிக்கு மார்ச்சு பத்து. எல்லாம் இன்னும் இங்கதான் இருக்கு. நோட்ட நம்ப வேணாம், என்னைய நம்ப வேணாம். சாயங்காலம் ஆறு மணிக்கு வாங்க. உங்க கண்ணால பாருங்க."

எட்டு வருடம் கட்டிக்காத்த ரகசியத்தை முந்நூறு பேர் முன்னால் போட்டு உடைத்துவிட்டாள். அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தார். "போற வழிதானே. பாத்துட்டே போயிரலாம்."

கூட்டம் கலைந்து வாசலுக்கு வரும்போது ஆனி பக்கத்தில் வந்தாள். பழைய பழக்கத்தில் கையைத் தொடப் போனாள், பர்சானா கையை இழுத்துக்கொண்டாள்.

"நான் எழுதுனதுல ஒரு வரி பொய் இல்லடி."

"அப்புடியாக்கா?"

"பதினாலு வருஷம் பர்சானா. பசங்க கல்யாணப் பத்திரிகையில 'பேராசிரியர்'னு போடுவாங்க, காலேஜுல கையெழுத்துப் போடுற எடத்துல தற்காலிகம்னு போடச் சொல்லுவாங்க. இந்தக் கம்பெனிக்காரங்கதான் நிரந்தரமா ஒரு நாற்காலி குடுத்தாங்க. ஆனைக்கரம்பப் பத்தி நான் யாருகிட்டயும் சொல்லல. நீதான சத்தியம் வாங்குன? இன்னிக்கு வரைக்கும் காப்பாத்தியிருக்கேன். ஊரக் கூட்டிச் சொன்னது நீதான்."

இப்படியும் ஒரு நியாயம் உண்டா? தான் கேட்டு வாங்கிய சத்தியத்தையே தன்னிடம் கணக்குக் காட்டுகிறாளே என்று பர்சானாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போய் வண்டியை எடுத்தாள்.

ஆறு மணிக்கு ஆனைக்கரம்பின் ஓரத்தில் இரண்டு ஜீப்பு, கம்பெனியின் வெள்ளைக் கார், பைக்குகளில் தொற்றிக்கொண்டு வந்த ஊர்க்காரர்கள் இருபது பேர். பர்சானா எல்லாரையும் கருவேல மரங்களுக்குப் பின்னால் நிறுத்தினாள், பேசக் கூடாது என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டாள். உள்ளுக்குள் பயம். இத்தனை தலையைப் பார்த்து மிரண்டு, இன்றைக்கென்று வராமல் போய்விட்டால்? இறைவனிடம் அவள் தனக்காகக்கூட இப்படிக் கேட்டதில்லை.

ஆறே கால். கிழக்கிலிருந்து ஒன்று வந்தது. இறக்கையை லேசாக மேலே தூக்கி, அசைக்காமல், புல் நுனியை உரசிக்கொண்டு வந்து, ஒரு வட்டம் அடித்து இறங்கிற்று. பின்னால் இன்னொன்று. பிறகு மூன்று, நான்கு, எல்லாத் திசையிலிருந்தும். வானத்தில் வட்டம் மேல் வட்டமாகச் சுற்றிக் கீழே கொட்டின. "அடேங்கப்பா!" என்றார் அதிகாரி வாய்விட்டு. ஊர்க்காரர்கள் செல்போனைத் தூக்கிப் பிடித்தார்கள். பர்சானா உதடு மட்டும் அசைய எண்ணினாள். நூற்றுப் பதினெட்டு. இத்தனை வருடத்தில் இதுதான் பெரிய எண்ணிக்கை. மனசு குளிர்ந்துவிட்டது. இனிமேல் என்ன சொல்லி மறுப்பார்கள்?

"என்ன பறவம்மா இது?"

"பூனைப்பருந்து சார். கஜகஸ்தான்லேருந்து வருது."

ஆலோசகர் குறுக்கே வந்தார். "பருந்து ஊருக்கு ஊரு இருக்குதே சார். கறிக்கடைக்கு மேல சுத்துறதும் இதே மாதிரிதான்."

அதிகாரி நெற்றியைத் தடவினார். "எனக்குப் பருந்தும் தெரியாது கழுகும் தெரியாது. இங்க யாருக்குத் தெரியும்? மேடம், நீங்க டாக்டரேட். நீங்க சொன்னா எழுதிக்கிறேன். இது வெளிநாட்டுப் பறவையா, நம்ம ஊருப் பருந்தா?"

எல்லாரும் ஆனியைப் பார்த்தார்கள். "இங்கேருந்து சரியாத் தெரியல சார்" என்றாள் மெல்ல.

பர்சானா கழுத்திலிருந்து பைனாகுலரைக் கழற்றி நீட்டினாள். "பாருங்கக்கா. பாத்துட்டுச் சொல்லுங்க." அவளுக்கு இன்னும் ஒரு நம்பிக்கை இருந்தது. மண்டபத்தில் உட்கார்ந்து எதையும் எழுதலாம், எதையும் பேசலாம். பறவையைக் கண்ணால் பார்த்துக்கொண்டே மாற்றிச் சொல்ல ஆனியால் முடியாது. பறவையைப் பார்த்து அழுதவள் அவள்.

ஆனி பைனாகுலரைக் கண்ணில் வைத்தாள். அந்த நேரம் பார்த்து ஓர் ஆண் பறவை முப்பது அடி தூரத்தில், சாம்பல் உடம்பும் கறுத்த இறக்கை நுனியுமாகக் குறுக்கே போயிற்று. ஆனியின் தலை அதன் கூடவே திரும்பியது. அது புல்லுக்குள் மறையும் வரை திரும்பியது. மறைந்த பிறகும் பைனாகுலரை அவள் இறக்கவில்லை.

"கரும்பருந்து சார்" என்றாள். "உள்ளூர்ப் பறவதான்."

"அக்கா!" பர்சானாவின் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "நம்ம ஊருப் பருந்து தரையிலயா படுக்கும்? மரத்துலதான சார் அடையும்? கேளுங்க சார், நீங்களே கேளுங்க!"

அதிகாரி ஆனியின் பக்கம் திரும்பினார்.

"எலி நெறைய இருந்தா கூட்டமா எறங்கும் சார்."

அதிகாரி தலையாட்டிக்கொண்டார். கையிலிருந்த தாளில் எழுதினார். எழுதிவிட்டு பர்சானாவிடம் இதமாகவே சொன்னார்: "உங்க ஆதங்கம் புரியுதும்மா. அதையும் குறிச்சுக்கிறேன்." நூற்றுப் பதினெட்டு பூனைப்பருந்தும் உள்ளூர்ப் பருந்தாகி, அவள் ஆதங்கமாகி, அந்தத் தாளில் ஒரு வரியில் அடங்கிவிட்டன. ஜீப்புகள் கிளம்பின. பைக்குகள் கிளம்பின.

ஆனி பைனாகுலரைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கண் வைக்கும் இடம் இரண்டும் ஈரமாக இருந்தன. பர்சானா பார்த்தாள். நெஞ்சில் ஈரமே இல்லாதவளாக இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம். அழுதுகொண்டே சொல்லியிருக்கிறாளே என்பதுதான் தாங்கவில்லை. முந்தானையால் ஈரத்தை அழுத்தித் துடைத்தாள்.

"நான் பாத்த நாள்ல இருக்குன்னு எழுதுனேன், வராத நாள்ல இல்லன்னு எழுதுனேன். உங்களால அது முடியலையாக்கா?"

பின்னால் வெள்ளைக் கார் ஒருமுறை ஹாரன் அடித்தது. அவள் திரும்புவதற்குள், வேறு வண்டியில் வருவாள் என்று நினைத்தார்களோ, வேலை முடிந்தது என்று நினைத்தார்களோ, அதுவும் போய்விட்டது. புழுதிதான் மிச்சம்.

தூரத்துப் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது. பர்சானா பையிலிருந்து பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டாள். ஆனி தன் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். பாட்டில் நிறைய இருந்தது, மூடியின் சீல்கூட உடையவில்லை. பர்சானா அதை வாங்காமல் தன் பாட்டிலைத் திறந்து குடித்தாள்.

இருட்டிக்கொண்டு வந்தது. மெயின் ரோடு இரண்டு கிலோமீட்டர். ஒரு பொம்பளையை அந்த இடத்தில் தனியாக விட்டுவிட்டு வர பர்சானாவால் முடியவில்லை. அதற்காகத் தன் மேலேயே கோபம் வந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்து, திரும்பிப் பார்க்காமல், "ஏறுங்க" என்றாள்.

ஆனி ஏறினாள். மண் பாதையில் வண்டி குலுங்கியபோது எப்போதும் போல அவள் கை பர்சானாவின் தோளைப் பிடித்துக்கொண்டது. கையை எடுங்கள் என்ற சொல் இரண்டு முறை வாய் வரை வந்தது, சொல்லவில்லை. மெயின் ரோட்டு ஸ்டாப்பிங் வரை வந்தார்கள். பெரம்பலூர் பஸ்ஸின் வெளிச்சம் தூரத்தில் தெரிந்தது. ஆனி இறங்கிச் சேலையைச் சரிசெய்துகொண்டாள். போகாமல் நின்றாள்.

"பர்சானா."

"சொல்லுங்க."

"நவம்பர்ல… வந்துச்சுன்னா எனக்கு ஒரு மெசேஜ் போடுவியா?"

பர்சானா அவளை நிமிர்ந்து பார்த்தாள். வாய் மட்டும்தான் கேட்கிறதா என்று பார்த்தாள். உண்மையாகவேதான் கேட்கிறாள்.

"எது வந்துச்சுன்னாக்கா?"

ஆனி பஸ் வருகிற பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதுதான் உள்ளூர்ப் பருந்தாச்சே. உள்ளூருலயே கெடக்குறது எங்கேருந்துக்கா வரும்?"

பஸ் வந்து நின்றது. கண்டக்டர் ஏறச் சொல்லி இரண்டு முறை கத்தினார். ஆனி ஏறினாளா இல்லையா என்று பர்சானா பார்க்கவில்லை, வண்டியை லப்பைக்குடிக்காடு பக்கமாகத் திருப்பிவிட்டாள்.